ஸ்பிரிங்பாக் அணித்தாளைக் கீழிருந்து படிக்க வேண்டும்

ஸ்பிரிங்பாக் எனப்படும் தென்னாப்பிரிக்க ரக்பி அணி அறிவிக்கப்பட்டதும் தொடங்கும் சண்டை பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தி, பந்தை உதைக்கும் 10-ஆம் எண்ணைப் பற்றியதாகவே இருக்கும். ஹான்ட்ரே பொலார்டா, மானி லிபொக்கா, சாஷா ஃபைன்பெர்க்-ம்ங்கொமெசூலுவா? அது ஓய்ந்தால் ஃபுல்பேக், அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் 15-ஆம் எண், யார் என்பது. அதுவும் ஓய்ந்தால் கேப்டனுக்கு வயதாகிவிட்டதா என்பது. இந்த வாதங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட, தாளின் அடியில் 16 முதல் 23 வரை இருக்கும் எட்டு மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள். ராஸி எராஸ்மஸ் 2018-இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகு இந்த அணியின் பெரிய முடிவுகள் அந்த எட்டுப் பெயர்களில்தான் இருக்கின்றன. முதல் பதினைந்தில் யார் என்பது பல நேரங்களில் அந்த எட்டுப் பேர் யார் என்பதால் முடிவாகிறது. இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் 'பொலார்டை ஏன் உட்கார வைத்தார்கள்' என்று கேட்டால் விடை கிடைக்காது.

முதலில் விதி. ஒரு டெஸ்ட் ஆட்டத்துக்கு, அதாவது நாடுகளுக்கிடையிலான ஆட்டத்துக்கு, 23 பேர். அதில் குறைந்தது ஆறு பேர் ஸ்க்ரமின் (ஒவ்வோர் அணியிலும் எட்டுப் பேர் கோத்து நின்று பந்துக்காக எதிரெதிரே தள்ளுவது) முன்வரிசையில் ஆடப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்: இரண்டு லூஸ்ஹெட் ப்ராப் (இடது), இரண்டு ஹூக்கர் (நடு), இரண்டு டைட்ஹெட் ப்ராப் (வலது). ஆகவே பெஞ்சில் இருக்கும் எட்டு இடங்களில் மூன்று விதியாலேயே நிரம்பிவிடுகின்றன. பயிற்சியாளர் உண்மையில் தேர்ந்தெடுப்பது மிச்சமுள்ள ஐந்தை. 1 முதல் 8 வரை முன்களக்காரர்கள், 9 முதல் 15 வரை பின்களக்காரர்கள். பெஞ்சில் ஐந்து முன்களக்காரர், மூன்று பின்களக்காரர் என்ற வழக்கமான 5-3 முறையில் அந்த மிச்ச ஐந்து இடங்களில் ஒரு லாக் (ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை), ஒரு ஃப்ளாங்கர் அல்லது நம்பர் 8 (ஸ்க்ரமின் பின்வரிசை), மூன்று பின்களக்காரர்கள். 6-2 என்றால் ஒரு பின்களக்காரர் குறைந்து ஒரு முன்களக்காரர் கூடுவார். 7-1 என்றால் ஐந்தில் நான்கு முன்களத்துக்கே போய்விடும். 9 முதல் 15 வரையுள்ள ஏழு இடங்களுக்கும் சேர்த்து ஒரே ஒருவர் மாற்றாக உட்கார்ந்திருப்பார்.

முன்வரிசைக்கு மட்டும் விதி இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் கழுத்தும் முதுகெலும்பும். பழக்கமில்லாத ஒருவரை ஸ்க்ரமின் முன்வரிசையில் நிறுத்துவது அவர் உயிரோடு விளையாடுவது. அதனால் ஒரு அணியிடம் தகுந்த முன்வரிசை ஆள் தீர்ந்துபோனால் ஸ்க்ரம் தள்ளாமல் நடக்கும். அந்த அணி ஓர் ஆளையும் இழக்கும். 2022 பிப்ரவரியில் டப்ளினில் இத்தாலிக்கு இதுதான் நடந்தது. முதல் ஹூக்கருக்குக் காயம். மாற்றாக வந்த ஹாமே ஃபைவாவுக்குச் சிவப்பு அட்டை. வேறு ஹூக்கர் இல்லை. சிவப்பு அட்டைக்கு ஒருவர், ஸ்க்ரம் விதிக்கு ஒருவர் என இத்தாலி 13 பேரோடு ஒரு மணி நேரம் ஆடி 57–6 என்று தோற்றது. பெஞ்சில் இரண்டு இடங்களை மூடக்கூடிய ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி, முன்களத்தில் இவ்வளவு ஆட்களைக் குவிப்பது எதற்கு? ஸ்க்ரமில் ஒரு பக்கம் எட்டுப் பேர், சுமார் 900 கிலோ எடை. அந்த எடை முழுதும் ப்ராப்களின் முதுகு வழியாகத்தான் எதிரணிக்குப் போகிறது. டைட்ஹெட்டின் நிலை இன்னும் கடினம்: எதிரணியின் லூஸ்ஹெட்டும் ஹூக்கரும் அவருடைய இரு தோள்களிலும் சேர்ந்து அழுத்துவார்கள். 50-ஆம் நிமிடத்தை நெருங்கும்போது முதலில் கெடுவது கால்களின் இடம். கால்கள் பின்னால் நழுவும், உடல் நீளும், இடுப்பு தோளைவிட உயரும். அதற்குப் பிறகு அவர் ஒன்று சரிந்து விழுவார், இல்லை உள்பக்கமாகத் திரும்பித் தள்ளுவார். இரண்டுக்கும் பெனால்டி. அந்த நேரத்தில் எதிரே புதிதாக ஒரு லூஸ்ஹெட் வந்து நின்றால் பெனால்டிகள் அடுத்தடுத்து விழும். ஒவ்வொரு பெனால்டியும் 3 புள்ளி, அல்லது கோட்டோரத்தில் 40 மீட்டர் முன்னேற்றம்.

2019 நவம்பர் 2, யோகோஹாமாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்லர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். டேன் கோல் கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் ஒருவராகத் தாங்க வேண்டியதாயிற்று. எதிரில் முதலில் டெண்டை ம்டாவரிரா, அவர் போனதும் ஸ்டீவன் கிட்ஷாஃப். தென்னாப்பிரிக்காவுக்கும் அடி விழாமல் இல்லை. ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் லாக் லூட் டி யாகரும் முதல் பாதியின் நடுவிலேயே அடுத்தடுத்துப் போனார்கள். ஆனால் பெஞ்ச் 6-2. மால்கம் மார்க்ஸும் ஃப்ராங்கோ மொஸ்டெர்ட்டும் வந்தார்கள், தரம் குறையவில்லை, லாக்குக்கு இன்னும் ஆர்ஜி ஸ்னேமன் மிச்சம் இருந்தார். 32–12. அந்த வெற்றியில் ஓரத்தில் ஆடும் விங்கர்களான மாபிம்பி, கொல்பி போட்ட இரண்டு ட்ரைகளைத்தான் (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது, 5 புள்ளி) எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பொலார்ட் உதைத்துச் சேர்த்த 22 புள்ளிகளில் பலவற்றுக்கு வழி செய்தது ஸ்க்ரம்.

7-1 பிறந்தது பாதி தற்செயல். 2023 ஆகஸ்ட் 25, ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைக்கு முந்தைய ஆட்டம். பெஞ்சில் இருந்த வில்லி லெ ரூ காயத்தால் கடைசி நேரத்தில் விலக, அவர் இடத்தில் க்வாகா ஸ்மித் என்ற ஃப்ளாங்கரைச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கா 35–7. அன்றைக்கு நியூசிலாந்து சிவப்பு அட்டையால் ஒருவரை இழந்து ஆடியது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் சூதாட்டம் என்று பலர் எழுதினார்கள். க்வாகா ஸ்மித் யார் என்று பார்த்தால் அப்படித் தோன்றாது: 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற செவன்ஸ் அணியில் ஆடியவர். ஏழு பேர் மட்டும் முழு மைதானத்தைக் காக்கும் ஆட்டத்தில் வளர்ந்த ஃப்ளாங்கருக்கு விங்கில் நிற்பது அந்நியமான வேலை அல்ல. டேமியன் வில்லெம்சே 10, 12, 15 மூன்றிலும் ஆடுவார். செஸ்லின் கொல்பி விங்கும் ஃபுல்பேக்கும். இப்படி இரண்டு மூன்று இடங்களில் ஆடக்கூடியவர்கள் முதல் பதினைந்தில் இருந்தால்தான் 7-1 சாத்தியம். அவர்களில் ஒருவர் காயப்பட்டு அந்த வாரம் இல்லையென்றால் 7-1 தானாகவே செத்துவிடும்.

7-1-இன் உண்மையான விலை பின்களத்தில் காயம் ஏற்படுவது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு: ஆட்டத்தின் நடுவே 10-ஆம் எண்ணை மாற்ற முடியாமல் போவது. 2023 உலகக் கோப்பை முழுக்க இதற்கான பாடம்.

செப்டம்பர் 23, அயர்லாந்துக்கு எதிராக. 10-இல் லிபொக். பெஞ்ச் 7-1, ஒரே பின்களக்காரர் ஸ்க்ரம்-ஹாஃப் (9-ஆம் எண்) கோபுஸ் ரைனாக். அன்றைக்கு லிபொக்கும் ஃபாஃப் டி க்ளர்க்கும் சேர்ந்து மூன்று பெனால்டிகளையும், ட்ரைக்குப் பின் உதைக்கும் 2 புள்ளிக் கன்வெர்ஷன் ஒன்றையும் தவறவிட்டார்கள். 11 புள்ளிகள். தோற்றது 13–8, அதாவது 5 புள்ளி வித்தியாசத்தில். முன்களம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. உதைப்பவரை மாற்றப் பெஞ்சில் ஆள் இல்லை.

காலிறுதியிலும் அரையிறுதியிலும் மீண்டும் லிபொக்தான் 10-இல் தொடங்கினார். ஆனால் பெஞ்ச் 5-3 ஆகிவிட்டது. டி க்ளர்க், பொலார்ட், லெ ரூ மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரான்ஸுக்கு எதிராக 29–28. இங்கிலாந்துக்கு எதிராக மழையில், உயர உதைத்து நெருக்கும் ஆட்டத்துக்கு லிபொக் ஈடுகொடுக்கவில்லை என்று தெரிந்ததும் 31-ஆம் நிமிடத்திலேயே அவரை வெளியே எடுத்துப் பொலார்டை இறக்கினார்கள். 15–6 என்று பின்தங்கியிருந்த அணியை ஸ்னேமனின் ட்ரை 15–13-க்குக் கொண்டுவந்தது. கடைசி நிமிடங்களில் ஆக்ஸ் ந்சே ஸ்க்ரமில் பெற்றுத் தந்த பெனால்டியை ஏறக்குறைய 50 மீட்டரிலிருந்து பொலார்ட் உதைத்தார். 16–15. ஸ்னேமன், ந்சே, பொலார்ட் மூவரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள்.

இறுதிப் போட்டியில் பொலார்டே தொடக்க ஆட்டக்காரர். உடனே பெஞ்ச் திரும்பவும் 7-1. இதைக் கவனித்தாலே போதும், எராஸ்மஸும் அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜாக் நீனாபெரும் என்ன கணக்குப் போட்டார்கள் என்று புரிந்துவிடும். நம்பி உதைக்கக்கூடியவர் முதலிலேயே களத்தில் இருந்தால் பெஞ்சில் பின்களக்காரருக்கு அவ்வளவு தேவை இல்லை. லிபொக்கின் பாஸும் குறுக்கு உதையும் வேண்டும் என்று அவரைத் தொடங்கவைத்தால், ஈடாகப் பெஞ்சில் ஓர் இடத்தைக் கொடுத்தாக வேண்டும். பொலார்டா லிபொக்கா என்று கேட்கும்போது நாம் கேட்பது உண்மையில் இன்னொரு கேள்வி: பெஞ்சில் ஒரு முன்களக்காரர் கூடுதலாக வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வியாக மாற்றி வைத்துப் பேசினால் விவாதம் எங்காவது போய்ச் சேரும்.

அதே உலகக் கோப்பையில் நடந்த இன்னொரு தேர்வு இன்றும் ரசிகர்களைப் பிரிக்கிறது. செப்டம்பர் 10 அன்று ஸ்காட்லாந்தை வென்ற பிறகு, பயிற்சியில் மார்க்ஸுக்கு முழங்காலில் காயம். உலகின் மிகச் சிறந்த ஹூக்கர்களில் ஒருவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு 33 பேர் பட்டியலில் சேர்த்தது இன்னொரு ஹூக்கரை அல்ல. கெண்டைக்கால் காயத்திலிருந்து மீண்டுவந்த பொலார்டை. விதி இதைத் தடுப்பதில்லை. ஆனால் அதன் பிறகு முழுநேர ஹூக்கர் என்று இருந்தவர் ம்போனாம்பி ஒருவர்தான். அவருக்கு மாற்று டீயோன் ஃபூரி, 37 வயது, பெரும்பாலும் ஃப்ளாங்கராக ஆடிவந்தவர்.

அக்டோபர் 28 இறுதிப் போட்டியின் மூன்றாவது நிமிடத்தில் ம்போனாம்பியின் முழங்கால் போயிற்று. மீதி ஆட்டம் முழுக்க ஃபூரிதான் ஹூக்கர். ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை ஹூக்கர் உள்ளே எறிய, தூக்கப்பட்டவர் காற்றில் பிடிக்கும் லைன்அவுட் தடுமாறியது. ஏன் தடுமாறியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஃபூரிக்கு எறியத் தெரியாது' என்று முடித்துவிடுகிறவர்கள் அதிகம். லைன்அவுட்டில் பந்து குறைந்தது 5 மீட்டர் கோட்டையாவது எட்ட வேண்டும். முன்னால் நிற்பவருக்கு எறிவது எளிது: தூரம் குறைவு, பந்து வேகமாகத் தட்டையாகப் போனால் போதும். பின்னால் நிற்பவருக்கு எறியும்போது இடையில் தாவும் எதிரணியின் கைகளைத் தாண்டியும் போக வேண்டும், தூக்கப்பட்டவர் உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் அவர் கைக்கும் வர வேண்டும். தூக்குகிற இருவரும், தாவுகிறவரும், எறிகிறவரும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளம் வாரக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி செய்துதான் வரும். ஒரு வாரப் பயிற்சியில் பெரும்பாலான எறிகள் முதல் ஹூக்கருக்குத்தான் போகும். மாற்று ஹூக்கருக்குக் கிடைப்பது மிச்சம். எதிரணி இதை ஒரே லைன்அவுட்டில் மோப்பம் பிடித்துவிடும். பாதுகாப்பான முன் எறிக்கே போவார்கள் என்று ஊகித்து அங்கேயே ஆளைத் தூக்கும். முன் எறியும் அடைபட்டால் பின்னால் எறிய வேண்டிய கட்டாயம் வரும். அங்கே பந்து தவறும். பந்தை வைத்திருப்பவரைச் சுற்றிக் கோத்துத் தள்ளிக்கொண்டு போகும் மால் போடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் பாதி ஆயுதம் கையை விட்டுப் போய்விடும்.

அப்படியும் 12–11. பன்னிரண்டும் பொலார்டின் நான்கு பெனால்டிகள். ஆகவே அந்தத் தேர்வு சரி என்பதே என் முடிவு. ஆனால் சரியாக முடிந்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஃபூரி வெறும் ஃப்ளாங்கர் அல்ல. தன் தொழில் வாழ்க்கையில் நெடுங்காலம் ஹூக்கராகவும் ஆடியவர். அந்த அனுபவம் இல்லாத ஒருவரை வைத்து இதே முடிவை எடுத்திருந்தால் அது பொறுப்பின்மை. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை பெற்றதையும், ஜோர்டி பாரெட்டின் நீண்ட பெனால்டி கடைசியில் தவறியதையும் மறந்துவிட்டுப் 'பெஞ்ச்தான் வென்று தந்தது' என்று பேசுவதும் நியாயம் இல்லை. 29–28, 16–15, 12–11. மூன்று நாக்அவுட் ஆட்டங்கள், மூன்றிலும் ஒரு புள்ளி. காலிறுதியில் தாமஸ் ராமோஸின் கன்வெர்ஷனைக் கொல்பி ஓடிவந்து தடுக்காமல் இருந்திருந்தால், இந்தப் பெஞ்ச் தத்துவத்தை இன்று யாரும் பாராட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். நல்ல முடிவு எது என்பதை, முடிவெடுத்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஸ்கோர்போர்டை வைத்து அல்ல.

மற்ற நாடுகள் இதைக் கையில் எடுத்தபோது என்ன ஆயிற்று என்பதும் உதவும். 2024 மார்ச்சில் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்து 6-2 பெஞ்சோடு வந்தது. பின்களத்தில் காயங்கள் விழுந்ததும் ஸ்க்ரம்-ஹாஃப் ஜேமிசன் கிப்சன்-பார்க் விங்கில் போய் நிற்க வேண்டி வந்தது. மார்கஸ் ஸ்மித்தின் கடைசி நேர டிராப் கோலில் 23–22 என்று தோற்றார்கள். 2025 மார்ச்சில் டப்ளினில் பிரான்ஸ் 7-1. முதல் பாதியிலேயே அந்த்வான் துப்போனின் முழங்கால் போயிற்று; மாக்சிம் லுக்யூ என்ற ஒரே மாற்றும் அப்போதே செலவாகிவிட்டது. பிறகு ஒரு சென்டரும் (12 அல்லது 13-ஆம் எண்) வெளியேற, ஒஸ்கார் ஜெகு என்ற ஃப்ளாங்கர் சென்டரில் நின்றார். பிரான்ஸ் 42–27 என்று வென்றது. இரண்டு ஆட்டங்களிலும் நினைத்துப் பார்க்கக்கூடிய மோசமான நிலை வந்தது. ஜெகுவைப் போல வேகமும் தடுப்புத் திறனும் உள்ள ஃப்ளாங்கர் தாளில் இருந்ததால் பிரான்ஸ் தாங்கியது.

இந்தச் சோதனையை ரசிகர்களும் வீட்டிலேயே செய்யலாம். அணித்தாள் வந்ததும் 1 முதல் 15 வரை எண்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அவர் ஐந்தாவது நிமிடத்தில் போனால் வருபவர் யார் என்று எழுதுங்கள்; அடுத்து, அவரும் போனால் யார் என்று. பெஞ்சிலிருந்து வர வேண்டியதில்லை, களத்தில் இருப்பவர் இடம் மாறலாம். 2 (ஹூக்கர்), 9, 10 ஆகிய மூன்று வரிகளில்தான் பெரும்பாலும் ஓட்டை தெரியும். பிறகு உதைப்பவர், லைன்அவுட்டில் அழைப்புக் கொடுப்பவர் என்று இரண்டு வரிகள் கூடுதலாகச் சேருங்கள். இவை எண்கள் இல்லாத பொறுப்புகள் என்பதால் எல்லோரும் மறப்பது இவற்றைத்தான். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: உத்திக்காக மாற்றப்பட்டவர் வழக்கமாகத் திரும்ப வர முடியாது. முன்வரிசையில் காயம், ரத்தக் காயம், தலைக்காயப் பரிசோதனை, முறைகேடான தாக்குதலால் வந்த காயம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. 50-ஆம் நிமிடத்தில் ஏழு முன்களக்காரரையும் இறக்கிவிட்டு, 60-இல் ஒரு லாக் நொண்டினால், ஏற்கெனவே களைத்து உட்கார்ந்தவரைக் கூப்பிட வழி இருக்காது.

ஆட்டத்திறன், அதாவது ஃபார்ம், பற்றிய வாதங்களில் இன்னொரு குழப்பம். கிளப் ஆட்டத்தில் நான்கு ட்ரை போட்ட விங்கரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். இந்த அணியின் விங்கரிடம் முதலில் எதிர்பார்ப்பது உயரே உதைத்த பந்தைத் துரத்திக் காற்றில் போட்டியிடுவது. அடுத்தது தடுப்பில் வெளியிலிருந்து உள்ளே பாய்ந்து வந்து எதிரணியின் பாஸை மூடுவது. ட்ரை மூன்றாவது. ஃப்ளாங்கரைப் பார்க்கும்போது எத்தனை முறை பந்தோடு ஓடினார் என்று எண்ணுவதைவிட, தடுத்து விழுந்தபின் எவ்வளவு விரைவில் எழுந்தார் என்று பாருங்கள். இரண்டு மூன்று நொடிகளில் எழுந்து வரிசைக்குத் திரும்புகிறவர் 70-ஆம் நிமிடத்திலும் அப்படியே எழுகிறாரா? அதுதான் ஃபார்ம். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இது எளிதில் தெரியாது; ஒரே ஆட்டக்காரரை மட்டும் பத்து நிமிடம் கண்ணால் தொடர வேண்டும்.

எந்த லீகில் ஆடுகிறார் என்பதும் முக்கியம். வெளிநாட்டில் ஆடுகிறவர் முன்பே 30 டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தென்னாப்பிரிக்கா 2019 உலகக் கோப்பைக்கு முன் கைவிட்டது. அதனால் ஜப்பான் லீகில் டிசம்பர் முதல் ஜூன் தொடக்கம் வரை மட்டும் ஆடிவிட்டு வருகிறவரும், பிரான்ஸில் ஆண்டில் பத்து மாதம் அடிபட்டுக்கொண்டே இருப்பவரும் ஒரே ஜூலை முகாமுக்கு வருகிறார்கள். முதலாமவர் உடல் புத்துணர்வோடு இருக்கும், டெஸ்ட் வேகத்துக்குப் பழக இரண்டு ஆட்டம் ஆகும். இரண்டாமவர் வேகத்தோடு வருவார், உடல் தேய்ந்திருக்கும். முதல் டெஸ்டில் ஒருவர் மந்தமாக ஆடினால் 'முடிந்துபோனவர்' என்று எழுதுவதற்கு முன் அவருடைய நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட நாட்களுக்கு வெளியே நடக்கும் ஆட்டங்களுக்குக் கிளப்கள் ஆட்களை விட வேண்டிய கடமை இல்லை. 2025 நவம்பர் 29 அன்று கார்டிஃபில் வேல்ஸை 73–0 என்று வென்ற ஆட்டம் அப்படிப்பட்டது. அதில் சிலர் இல்லாததற்குப் பயிற்சியாளரைத் திட்டியதில் பொருளே இல்லை.

பயிற்சி பற்றிச் சொல்ல வேண்டுமானால் 2025-ஐ எடுத்துக்கொள்வேன். 2024-இல் டோனி பிரவுன் தாக்குதல் பயிற்சியாளராக வந்த பிறகு அணி பந்தை அகலமாக ஆடத் தொடங்கியது. பின்களம் ஆழமாக நிற்கும், முன்களக்காரர்களும் பாஸ் கொடுப்பார்கள், பந்து ஓரத்துக்கு விரைவாகப் போகும். ஆகஸ்ட் 16, எல்லிஸ் பார்க்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 20 நிமிடத்துக்குள் 22–0. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை, 38–22 தோல்வி. அகல ஆட்டத்தின் நோய் அங்கே அப்படியே தெரிந்தது. ஓரத்துக்குப் பந்து போகும்போது, விழுபவரிடமிருந்து எதிரணியினரைத் தள்ளி விலக்க ஓடிவருபவர் ஒரு நொடி தாமதித்தால் எதிரணியின் ஃப்ளாங்கர் பந்தின் மேல் குனிந்துவிடுவார். ஃப்ரேசர் மெக்ரைட் அதில் கைதேர்ந்தவர். நீளமான பாஸ்களை வெளியிலிருந்து பாய்ந்து எடுக்கவும் முடியும். ஜோசப் சுவாலி எடுத்தார். முன்னிலை பெரிதாக இருக்கும்போது உதைத்து இடம் பிடிப்பதை விட்டுவிட்டு மேலும் மேலும் ஓடியதுதான் தவறு.

அந்த வாரம் பிரவுனை அனுப்ப வேண்டும், பழைய ஆட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்ற குரல்கள் பலமாக இருந்தன. அடுத்த வாரம் கேப் டவுனில் பொலார்ட் 10-இல், நிறைய உதை, 30–22 வெற்றி. செப்டம்பர் 6 ஈடன் பார்க்கில் 24–17 தோல்வி. நியூசிலாந்து அங்கே 1994-க்குப் பிறகு தோற்றதே இல்லை. ஒரு வாரம் கழித்து வெலிங்டனில் பாதி நேரத்தில் 10–7 என்று பின்தங்கியவர்கள், இரண்டாம் பாதியில் 36 புள்ளி எடுத்து 43–10 என்று முடித்தார்கள். நியூசிலாந்து வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. அகல ஆட்டம் கைவிடப்படவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய முன்கள வேலை திருத்தப்பட்டது. செப்டம்பர் 27 டர்பனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஃபைன்பெர்க்-ம்ங்கொமெசூலு தனி ஒருவராக 37 புள்ளி எடுத்து, பெர்சி மான்ட்கோமரியின் தேசியச் சாதனையை முறியடித்தார். ஆறு வாரங்களுக்குள் நடந்தவை இவை. எந்த ஒரு சனிக்கிழமையில் நின்று தீர்ப்பு எழுதியிருந்தாலும் அடுத்த சனிக்கிழமை அது பொய்த்திருக்கும்.

கேப்டன் சியா கொலிசி பற்றிய பேச்சில் வேறொன்றும் கலந்திருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியில்லை. 1995 உலகக் கோப்பை இறுதியில் ஆடிய அணியில் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான் வெள்ளையர் அல்லாதவர். 2018-இல் கொலிசி ஸ்பிரிங்பாக் டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினக் கேப்டன் ஆனார். 2019 இறுதியின் முதல் பதினைந்தில் வெள்ளையர் அல்லாதவர் ஆறு பேர். 'தகுதி' என்ற சொல் சில பெயர்கள் வரும்போது மட்டும் எழுவதைக் கவனித்திருக்கிறேன். அதே பிழையைச் செய்த வேறு சிலரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. லிபொக் உதையைத் தவறவிட்டது குறை, அதைச் சொல்லலாம். அவர் அங்கே இருப்பதே குறை என்று சொல்வது வேறு. கொலிசியின் தேர்வு எவ்வளவு உணர்ச்சியற்ற கணக்கு என்பதற்கு 2025 நவம்பர் 8 பாரிஸ் போதும். அது அவருடைய 100-ஆவது டெஸ்ட். பாதி நேரத்துக்குச் சற்று முன் டி யாகருக்குச் சிவப்பு அட்டை. 14 பேரோடு ஆட வேண்டிய கணக்கில் கேப்டனையே பாதி நேரத்தில் வெளியே எடுத்தார் எராஸ்மஸ். 14–13 என்று பின்தங்கியிருந்தவர்கள் 32–17 என்று வென்றார்கள்.

2027 உலகக் கோப்பை அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை ஆஸ்திரேலியாவில். 24 அணிகள். கோப்பைக்கு வேண்டிய ஆட்டங்கள் முன்போலவே ஏழுதான், ஆனால் பிரிவு ஆட்டம் மூன்றாகக் குறைந்து நாக்அவுட் நான்காகிறது. அதாவது ஆளை ஓய்வெடுக்க வைக்கக்கூடிய ஓர் ஆட்டம் போய், முழு பலத்தோடு ஆட வேண்டிய ஓர் ஆட்டம் வருகிறது. ப்ராப்களும் லாக்குகளும்தான் இதன் சுமையை முதலில் உணர்வார்கள். ஸ்க்ரமைக் கேட்டு வாங்கும் வழிகளும் சுருங்கிவிட்டன. 2023 காலிறுதியில் வில்லெம்சே தன் கோட்டருகே எதிரணி உதைத்த பந்தை மார்க் பிடித்து, அதற்குக் கிடைத்த ஃப்ரீ கிக்குக்குப் பதில் ஸ்க்ரம் கேட்டாரே, அது 2024 ஜூலையிலிருந்து விதிப்படி முடியாது. ஃப்ரீ கிக்கைத் தட்டியோ உதைத்தோதான் ஆட வேண்டும். ஸ்க்ரம் குறைந்தால் கூடுதல் ப்ராப்பின் மதிப்பும் குறையும், ஓடக்கூடிய முன்களக்காரரின் மதிப்பு கூடும்.

எராஸ்மஸ் இதற்குத் தயாராவது இரண்டு பெயர்களில் தெரிகிறது. ஒருவர் ஆன்ட்ரே எஸ்டர்ஹேசன். சென்டராகவே ஆடிவந்தவரை ஃப்ளாங்கராகவும் பழக்கியிருக்கிறார்கள். அவர் பெஞ்சில் இருந்தால் 6-2-ஆ 7-1-ஆ என்று எண்ணுவதே கடினம். எதிரணிப் பயிற்சியாளருக்கும் அதே கடினம்தான். மற்றவர் யான்-ஹென்ட்ரிக் வெசல்ஸ், லூஸ்ஹெட்டும் ஹூக்கரும் ஆடுகிறவர். 2023 இறுதியில் ம்போனாம்பி போனதும் அணி எங்கே தவித்ததோ அந்த ஓட்டையை அடைக்கக்கூடியவர் இவர்தான் என்று நினைக்கிறேன். பெஞ்சில் 16-ஆம் எண்ணும் 17-ஆம் எண்ணும் இரண்டு பேருமே லைன்அவுட்டில் எறியக்கூடியவர்களாக இருந்தால், மூன்றாவது நிமிடத்தில் ஹூக்கர் போனாலும் ஆட்டத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு வெசல்ஸ் கிளப்பில் எத்தனை நிமிடம் ஹூக்கராக ஆடுகிறார், பின்னால் நிற்பவருக்கு எறியும் பந்து நேராகப் போகிறதா என்பதை அடுத்த இரண்டு பருவங்களும் பார்க்க வேண்டும். 10-ஆம் எண்ணைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.